தொட்டால் தெரியாத இடம்

குழந்தை பிறந்த பதினேழாவது நாள் காலை, நைட்டியின் முன்பக்கம் ஈரமாக இருப்பதைப் பார்த்தேன். பால் கசிந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் ஈரம் மார்பில் இல்லை, அடிவயிற்றில் இருந்தது. துணியை விலக்கினேன். அது தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வலிக்கவில்லை. இழுபடுவதுகூடத் தெரியவில்லை.

தையலுக்குச் சற்று மேலே, இடது பக்கம், உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் எழும்பி உடைந்திருந்தது. கண்ணால் பார்த்திராவிட்டால் அன்று மாலை வரை எனக்குத் தெரிந்திருக்காது.

அறுவை செய்து குழந்தை பெற்றவர்களிடம் வயிற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அளவைப் பற்றியே பேசுகிறார்கள். எப்போது உள்ளே போகும், பழைய சுடிதார் எப்போது நுழையும் என்று. வயிற்றுக்குத் தொடு உணர்வு எப்போது திரும்பும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதனால் நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் கெமிக்கல் டிப்ளமோ படித்தவள். மரக்காணத்தில் உப்பில் அயோடின் சேர்க்கும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். உப்பைக் கரைத்து, அதில் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மறையும் இடத்தைக் குறித்துக்கொள்வதுதான் பகல் முழுக்க என் வேலை. குறித்து வைப்பது பழகிப்போனதால் பிரசவத்துக்கும் ஒரு நோட்டு போட்டிருந்தேன். காய்ச்சல், ரத்தப்போக்கு, பால் குடித்த நேரம், தையலின் நிறம், வயிற்றின் சுற்றளவு எனக் கட்டங்கள். உணர்ச்சிக்கு என்று ஒரு கட்டம் அதில் இல்லை.

சிசேரியன் (வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுப்பது) முன்பே முடிவானதல்ல. வலி வந்து பல மணி நேரம் கழித்துக் குழந்தையின் நாடித்துடிப்பு குறைந்தது. உடனே எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. முதல் மூன்று நாட்கள் நர்ஸ் தினமும் வந்து என் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கருப்பை சுருங்கிக் கீழே இறங்குகிறதா என்று அப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம்.

“இன்னிக்கி தொப்புளுக்குக் கீழ ஒரு விரல் எறங்கிக்குது. நல்லா எறங்குது உனக்கு,” என்றார். பரீட்சையில் தேறியதுபோல் இருந்தது. நோட்டில் எழுதினேன்.

வீட்டுக்கு வந்த அன்று பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைப் பார்த்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். “இன்னா, இன்னொண்ண உள்ளயே விட்டுட்டு வந்துட்டியா?” என்று கேட்டார். சிரித்தால் தையல் இழுக்கும் என்பதால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிரித்தேன். தையலின் இரண்டு ஓரங்களும் உள்ளே ஆழமும்தான் இழுத்தன. தையலுக்கு மேலே இருந்த பகுதி பேசாமல் இருந்தது. மயக்க மருந்து இன்னும் முழுதாக விடவில்லை போலும் என்று நினைத்தேன். அந்த மருந்து முதல் நாளே விட்டுப்போகும் என்று எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா நான் பாலிடெக்னிக்கில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அதனால் பிரசவத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துக்கொண்டவர் என் கணவர் அருளின் அம்மா. நான் அத்தை என்று கூப்பிடுவேன். இருபத்தெட்டு வருடம் உப்பளத்தில் வேலை செய்தவர். பாத்தியில் உப்பை வாரி, வரப்பில் குவித்து, கூடையில் தூக்கிக்கொண்டு போய் மேட்டில் கொட்டுவது. பேரக்குழந்தை பிறக்கப்போகிறது என்று அந்த சீசனில் வேலைக்குப் போகாமல் நின்றுகொண்டார்.

உப்பளத்துக்காரர்கள் வீட்டில் முட்டி வலிக்கும் இடுப்பு வலிக்கும் உப்பு ஒத்தடம்தான். பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் கொடுப்பார்கள். கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, ஒற்றி ஒற்றி எடுப்பது. பதினைந்தாம் நாள் எனக்கு வாயு பிடித்து வயிறு உப்பிக்கொண்டது. ஒத்தடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டது நான்தான்.

அத்தை மூட்டையை முதலில் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் ஆறவிட்டார். மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகுதான் என் வயிற்றில் வைத்தார்.

“சுடுதாம்மா?”

“இல்லீங்க அத்த. இன்னும் கொஞ்சம் சூடா இருந்தாக்கூட பரவால்ல.”

இந்த வாக்கியத்தைச் சொன்னது நான். உப்பு எவ்வளவு நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்று தெரிந்தவள். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் மாலையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்று மூட்டையை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, இருவரும் ஞானஸ்நானத்துக்கு யாரை ஞானத்தாயாகக் கூப்பிடுவது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

கொப்புளத்தைப் பார்த்த அன்றே அத்தையுடன் மருத்துவமனைக்குப் போனேன்; டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு என் வயிற்றைப் பார்த்தார்.

“யாரு ஒத்தடம் குடுத்தது?”

“நான்தாங்க,” என்றார் அத்தை.

“கைய வெச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தேங்க. ரெண்டு தரம் பாத்தேன். கை பொறுக்கற சூடுதாங்க.”

“உங்க கை பொறுத்தா இவங்க வயிறு எப்பிடிம்மா பொத்துப் போவும்?”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி விளக்கினார். கீறும்போது தோலுக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அறுபடும். தையலைச் சுற்றி மரத்துப்போயிருக்கும். நரம்பு மெதுவாகத்தான் வளரும், மாதக்கணக்கில் ஆகும், சில இடங்களில் திரும்பாமலே போகலாம். அதனால் சூடு வைத்தால் உடம்பு கத்தாது. சுடுதா என்று கேட்டால் வாய் இல்லை என்றுதான் சொல்லும் என்றார்.

என் பங்கு அப்படியாகப் புரிந்துவிட்டது. அத்தையின் பங்கு புரியவில்லை. கை வைத்துப் பார்த்தேன் என்கிறார். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் கை வைத்துப் பார்த்ததை நானே கண்ணால் கண்டேன் என்பது அப்போது எனக்கு நினைவில் இல்லை. அவசரத்தில் சும்மா தொட்டிருப்பார், இப்போது பயந்துபோய்ச் சமாளிக்கிறார் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் காதில் விழும்படியே அருளிடம் சொன்னேன்: “இனிமே அத்தைய எனக்கு ஒண்ணும் பண்ண வேணாம்னு சொல்லுங்க.”

அதற்கு நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. புண்ணின் சீழ் தையலின் இடது முனை வரை போய், அங்கே இரண்டு விரல் நீளத்துக்குத் தையல் வாய் திறந்துகொண்டது. படுக்கையில் சேர்த்தார்கள்.

டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். வயிற்றில் பல அடுக்குகள் உண்டு. மேலே தோல், அதற்குக் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே தசையைப் போர்த்தி வயிற்றைக் கட்டி நிறுத்தும் உறை. தோலும் கொழுப்பும் மட்டும் திறந்திருந்தால் கட்டுப் போட்டே ஆற்றிவிடலாம். உறையும் விட்டிருந்தால் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் போக வேண்டும். அதே வயிற்றை அதே இடத்தில் இரண்டாம் முறை திறக்க வேண்டும்.

“நாலு நாள் பாப்போம். மருந்துக்கு அடங்குனா தப்பிச்சோம். பால் குடுக்கலாம், அதுக்கேத்த மருந்துதான் எழுதியிருக்கேன்.”

அந்த நான்கு நாட்களும் நான் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. குழந்தையை என் மேல் போட்டுக்கொள்ளக் கூடாது. ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுத்தேன். அவள் கால் உதைத்தால் புண்ணில் படும் என்று இடையில் ஒரு மடித்த துண்டை வைத்திருந்தேன். பிறந்து மூன்று வாரம் ஆன குழந்தைக்கும் எனக்கும் நடுவில் ஒரு துண்டு. அடுத்த கட்டிலில் கூனிமேட்டிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா, மூன்றாவது பிரசவம், நான் துண்டைச் சரிசெய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கலெக்டர் ஆபீஸ்ல ஃபைல் வெக்கற மாதிரி வெக்கிறியேம்மா. பொண்ணு அது, பிரிச்சுப் படிச்சுற மாட்டா. நல்லா அணைச்சிப் புடி.”

கட்டு மாற்றும்போது புண்ணை செல்போனில் படம் எடுத்துக் காட்டச் சொன்னேன். நர்ஸ் மெல்லிய குச்சியில் பஞ்சு சுற்றி உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். அவர் என்னைத்தான் தொடுகிறார். எனக்கு எதுவும் தெரியவில்லை. வேறு ஒருத்தியின் வயிற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். வலி இல்லாதது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. வலித்திருந்தால் அது கூடுகிறதா குறைகிறதா என்றாவது நானே சொல்லியிருப்பேன். இப்போது அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் என் வயிறு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நான்காம் நாள் டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “அடி செவப்பா இருக்குது. உறை விடல. தியேட்டர் வேணாம்.”

திறந்த புண்ணை மேலே தைத்து மூட மாட்டார்கள், உள்ளே சீழ் தங்கிவிடும். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும். அதுவரை தினமும் துணி திணித்துக் கட்ட வேண்டும். எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா கட்டினார். ஒன்றரை மாதம் ஆயிற்று.

அந்த ஒன்றரை மாதமும் அத்தை நான் சொன்னபடியே நடந்துகொண்டார். சமைத்தார். என் துணியைத் துவைத்தார். தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு, “சாப்புடும்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். என்னைத் தொடவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவது மட்டும் அவரிடமே இருந்தது. நான் குனியக் கூடாது, வேறு ஆளும் இல்லை. அருள் ஆரோவில்லில் எலக்ட்ரீசியன், காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போட்டோம். கோயிலில் கேட்டவர்களிடம் அத்தை, “என்னாலதான்” என்று சொன்னாராம். அருள் வந்து சொன்னார். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

பத்தாவது வாரம் புண் முழுதாக மூடியது. டாக்டரம்மா பிசியோதெரபிஸ்ட்டிடம் (உடற்பயிற்சி மூலம் தசைகளைச் சீராக்குபவர்) அனுப்பினார். என் வயதுதான் அவருக்கு. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, தலையை மட்டும் தூக்கச் சொன்னார். தொப்புளுக்கு மேலே நடுவில் அவருடைய விரல்கள் மூன்று உள்ளே இறங்கின. டயஸ்டாசிஸ் (வயிற்றின் நடுவில் இரண்டு தசைப் பட்டைகளும் விலகி நிற்பது) என்றார். கர்ப்பத்தில் எல்லோருக்கும் விலகும், பலருக்குத் தானே கூடும், எனக்கு மெதுவாகக் கூடுகிறது. மூச்சை வெளியே விட்டுக்கொண்டே அடிவயிற்றை உள்ளிழுக்கப் பழகச் சொன்னார். பளு தூக்கக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, எழும்போது ஒருக்களித்துக் கையூன்றி எழ வேண்டும் என்றார்.

பிறகு பஞ்சைத் திரித்து நூல்போல் ஆக்கி என் வயிற்றில் அங்கங்கே தொட்டார். தெரியாத இடங்களைப் பேனாவால் சுற்றி வரைந்தார். தையலுக்கு மேலே ஒரு பெரிய வட்டம், இடது பக்கம் வால்போல் நீண்டிருந்தது.

“வாரத்துக்கு ஒரு தடவ வீட்டுல யாரையாவது இப்பிடித் தொடச் சொல்லுங்க. நீங்க கண்ண மூடிக்கணும். நீங்களே தொட்டா கை சொல்லிடும், சரியா வராது.”

அருளால் முடியவில்லை. ஒரே இடத்தையே தொட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம், குழந்தை தூங்கிய பிறகு, நண்பகலில், சமையலறையில் இருந்த அத்தையைக் கூப்பிட்டேன்.

“நானா?” என்றார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வாசலிலேயே நின்றார். “நான்தான் ஒண்ணியும் பண்ணக் கூடாதுன்னு...”

“பஞ்சுதாங்க அத்த. வாங்க.”

வந்து கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் என் வயிற்றைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மெல்ல ஆரம்பித்தார். “இங்க?” “தெரியுது.” “இங்க?” “இல்ல.” தெரியாத இடங்களில் அவரே பேனாவால் புள்ளி வைத்தார். முடித்துப் பார்த்தபோது வட்டத்தின் மேல் விளிம்பு ஒரு விரல் உள்ளே வந்திருந்தது. நல்ல செய்தி. இருவருக்கும் மனசு கொஞ்சம் லேசாகிவிட்டது.

“கோலம் போட்ட மாரி இருக்குது உன் வயிறு. எங்க, எனக்கும் பண்ணு பாக்கலாம்,” என்று விளையாட்டாகக் கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பஞ்சு நூலை அவர் உள்ளங்கையின் நடுவில் தொட்டேன். பதில் இல்லை. சுண்டுவிரலுக்குக் கீழே தொட்டேன். பெருவிரலின் மேட்டில். நான்கு விரல்களின் அடியில், காய்த்துப்போயிருந்த இடங்களில், ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஏழாவது இடத்தையும் தொட்டுவிட்டேன்.

“இன்னும் ஆரம்பிக்கலயாம்மா?” என்றார் அத்தை, கண்ணை மூடியபடியே.

நான் புறங்கையில் தொட்டேன். “ஆங், இப்ப தெரியுது. கூசுது.” முன்னங்கையில் தொட்டேன். அதுவும் தெரிந்தது. திரும்பவும் உள்ளங்கைக்கு வந்தேன். அத்தைக்குத் தெரியவில்லை.

“அத்த. கண்ணத் தொறங்க.”

கண்ணைத் திறந்து பார்த்தார். பஞ்சு அவர் உள்ளங்கையின் மேல்தான் இருந்தது. நான் அதை அங்கும் இங்கும் நகர்த்தினேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல்.

“அப்ப அன்னிக்கி...”

“ஆமாங்க அத்த. நீங்க பாத்தீங்க. கைக்குத்தான் தெரியல.” பிறகு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “நீங்க சொன்னத நான் நம்பல.”

“நானே நம்பல, போ,” என்றார். “சரியா பாக்காமத்தான் வெச்சுட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

மரத்துப்போன இரண்டு தோல்கள். ஒன்று கத்தி பட்டு மரத்தது. இன்னொன்று இருபத்தெட்டு வருட உப்புநீரிலும் கூடை விளிம்பிலும் உப்பு வாரும் பலகைப் பிடியிலும் மரத்தது. இரண்டுக்கும் நடுவில் சூட்டைச் சொல்ல ஆளே இல்லை.

அத்தை சட்டென்று எழுந்து நின்றார். “பாப்பாவுக்குத் தண்ணி இந்தக் கையாலதான் பாக்கறேன்.”

இருவரும் தூளியிடம் போனோம். குழந்தையின் துணியை விலக்கி முதுகு, தொடை, பாதம் எல்லாவற்றையும் பார்த்தோம். ஒன்றும் இல்லை. தூக்கம் கலைந்து அழுதாள். குளிக்கும்போது அவள் அழுததெல்லாம் எல்லாக் குழந்தைகளும் அழுவதுதானா, இல்லை வேறா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுவாரம் நர்ஸம்மா, கை மரத்ததற்குச் சர்க்கரை நோய் காரணமா என்று அத்தைக்குச் சோதித்துப் பார்த்தார். சர்க்கரை இல்லை. தோல் தடித்ததுதான் காரணம் என்றார் தோல் டாக்டர். களிம்பு கொடுத்தார். தண்ணீருக்கு நான் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். “இன்னா, தண்ணிக்குக் காய்ச்சலா?” என்று கேட்டுவிட்டு அத்தை அதை அலமாரியில் வைத்துவிட்டார். இப்போது முழங்கை மடிப்பின் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துப் பார்க்கிறார். நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கு அறுவை ஆகியிருந்தால், தையலைச் சுற்றி எந்தச் சூடும் வைக்காதீர்கள்: உப்பு, வெந்நீர்ப் பை, செங்கல், எதுவானாலும். வைக்கிறவர் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் வேண்டாம். அங்கே ஈரமோ நிறமாற்றமோ இருக்கிறதா என்று தினமும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வலிக்கவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் கையால் உழைத்தவர்கள் இருந்தால் அவர்களுடைய உள்ளங்கையையும் ஒருமுறை பஞ்சால் தொட்டுப் பாருங்கள்.

பதினோரு மாதம் ஆகிறது. வயிற்றுத் தசைகளின் நடுவில் இருந்த இடைவெளி ஒரு விரலுக்கு வந்துவிட்டது. ஆய்வகத்துக்குத் திரும்பிவிட்டேன். மாதிரி மூட்டையை இன்னும் நான் தூக்குவதில்லை, இழுப்பதற்குச் சக்கர வண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன். வயிறு பழைய வடிவத்துக்கு வரவில்லை. இடது பக்கம் தோல் பளபளப்பாக, கசங்கிய காகிதத்தைத் தேய்த்து வைத்ததுபோல் இருக்கிறது. மரத்த வட்டம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. அதன் ஓரங்களில் சில நாள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். நரம்பு வருகிறது என்கிறார் பிசியோதெரபிஸ்ட். மீதி இடம் அப்படியே இருந்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். எந்தத் தேதிக்குள் என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். தோல் ஒரு வேகத்தில், தசை ஒரு வேகத்தில், நரம்பு ஒரு வேகத்தில் வருகின்றன. என் நோட்டில் எல்லாம் சரியாகும் நாள் என்று ஒரே தேதிதான் போட்டிருந்தேன்.

பாப்பா இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் படுத்திருந்தால் என்மேல் ஏறி, என் விரல்களைப் பிடித்து, வயிற்றில் நிற்பாள். வலது பக்கம் வைத்த பாதம் உடனே தெரிகிறது, ஐந்து விரலும் குதிகாலின் சூடும். இடது பக்கத்துப் பாதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஆனால் அவள் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால், தோலுக்குத் தெரியாத அந்தப் பாதத்தின் எடை, சற்றுத் தாமதமாக, உள்ளே எங்கோ ஆழத்தில் வந்து சேர்கிறது. அது வந்து சேரும்வரை நானும் அசையாமல் படுத்திருக்கிறேன்.